கைப்பாசின் சால்வை

லாசால், மொன்றியல்
05.02.2006

என் அன்பு மகன் டினோஜனுக்கு,

நானும் அப்பாவும் தங்கச்சியும் மாதாவின் தயவில் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், ஹூஸ்டனில் தனியே இருக்கிற உனக்கும் அந்தச் சுகம் குறையக்கூடாது என்று தினமும் செபமாலையில் ஒரு பத்து மணியை உனக்கென்றே ஒதுக்கிச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் எழுத்து றொஷினியுடையது, சொல் என்னுடையது. போன கிழமை பஸ்ஸால் இறங்கும்போது ஐஸில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வெடித்துவிட்டது, ஆறு கிழமைக்கு மாவுக்கட்டு. டெலிபோனில் சொன்னால் நீ வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடிவருவாய் என்று அப்பா சொல்ல விடவில்லை. பயப்பட ஒன்றும் இல்லை, சமைக்கிறது றொஷினி, உப்புத்தான் ஒரு நாள் கூடும் ஒரு நாள் குறையும்.

அப்பாவுக்கு லஷீன் பாண் தொழிற்சாலையில் இன்னும் பின்னேர வேலைதான், முழங்கால் நோகிறது என்று சொல்வார், மருந்தைத் தந்தால் போடமாட்டார். உனக்கு அங்கே குளிர் இல்லை என்ற ஒரு நிம்மதி எனக்கு, ஆனால் போன புரட்டாதியில் புயலுக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டபோது நீ பெருந்தெருவில் காருக்குள் ஒரு பகலும் ஒரு இரவும் நின்றதை நினைத்தால் இப்போதும் இரவில் எழும்பிச் செபமாலையை எடுக்கிறேன். காரில் எந்த நேரமும் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்திரு. கடைச் சாப்பாட்டைக் குறை. பியர்பொன்ட்ஸில் மன்னார்ப் பகுதிக் குடும்பம் ஒன்று உன்னைப் பற்றி விசாரித்தது, பெண் கணக்காளர் படிப்பு முடித்துவிட்டாள், நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை, நீ பெரிய வெள்ளிக்கு முந்திய தபசுகாலத்துக்கு வரும்போது ஒருக்கால் பார்த்துவிட்டுப் போ.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிப் பழக்கி மேடையேற்றிய யேசுவின் பாடுகளின் நாடகத்தைப் போன வருடம் பார்த்த சனம் இன்னும் அதைப் பற்றித்தான் கதைக்கிறது, அதிலும் கைப்பாஸ் என்ற யூதத் தலைமைக் குருவாக அப்பா நடித்ததைப் பற்றி. இந்த முறை குருத்து ஞாயிறு பியர்பொன்ட்ஸ் மண்டபத்திலும் அடுத்த நாள் புரோசார்டிலும் போடக் கேட்கிறார்கள். ஆனால் எங்கள் சந்தோஷம் எல்லோருக்கும் பொறுக்குமா? றொஷினி வேலை செய்கிற தையற்கடைக்காரி, அந்த யூதப் பொம்பிளை மதாம் அபித்போல், வெல்வெற்றுத் துணி இலவசமாகத் தந்தாளே என்று நான்தான் சொல்லி அவளை அழைப்பித்து, முன்வரிசையில் இருத்தி, நாடகம் தொடங்கமுன் சங்கத் தலைவர் கிறகரியைக் கொண்டு பொன்னாடை போர்த்தினேன். அவள் என்ன செய்தாள்? பாதியில் எழும்பி, பொன்னாடையைக் கதிரையில் போட்டுவிட்டுப் போனாள். கூப்பிட்டு மரியாதை செய்த சபையில் அப்படிச் செய்வார்களா? அதோடு விட்டார்களா, அவர்களுடைய செபக்கூடத்துக் கமிட்டி சங்கத்துக்கு ஒன்றல்ல, இரண்டு கடிதம் போட்டிருக்கிறது. வேதத்தில் உள்ளதை நாங்கள் நடிக்க இவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டுமா? ஊரில் ஆமிக்காரனுக்கே பயப்படாமல் பெரிய வெள்ளி கொண்டாடினவர்கள் நாங்கள். இவர்களுக்கு ஒரு கண்ணாடி உடைந்தால் பேப்பரில் வருகிறது, எங்கள் கோயில்கள் குண்டு விழுந்து கூரை போனபோது யார் எழுதினார்கள்? தலைவர் கிறகரி ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார், பதில் போடத் தேவையில்லை என்று. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஆகவே மகன், நீ ஒரு வசனமும் மாற்றாதே. நீ ஹலோவீன் முடிந்த மலிவில் வாங்கி வந்த, குருமாருக்கு மாட்டுகிற எட்டு சூனியக்காரி மூக்கும் அலுமாரியில் கவனமாக இருக்கின்றன, இந்த முறை கூட்டம் பெரிது, இன்னும் நாலு கொண்டு வா. இந்தப் பார்சலில் மிளகாய்த்தூளும் வறுத்த ஒடியல்மாவும் இருக்கிறது, தூளை பிரிட்ஜில் வை. பூசையை விடாதே. யேசுவும் மாதாவும் உன் போக்கிலும் வரவிலும் கூட இருப்பார்களாக.

என்றும் உன்னை நினைக்கும் அம்மா,
யோசெப்பின் செபஸ்தியாம்பிள்ளை

அண்ணா, மேலே இருப்பது அம்மா சொல்லச் சொல்ல ஒரு சொல்லும் விடாமல் நான் எழுதியது. இனி எழுதுவது றொஷினி. அம்மா செபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறா, அப்பா வேலை. எனக்கு ஆட்கள் முன்னால் குரல் வராது என்று உனக்குத் தெரியும், பிரெஞ்சுப் பாடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது வகுப்பே சிரித்ததால்தான் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். நீ அப்போது டெலிபோனில் மூன்று நாள் என்னை ஏசினாய், நான் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். எனக்கு உன் மேல் கோபம். என் மேலும்தான்.

மதாம் கடையில் நாங்கள் திரைச்சீலை தைப்போம், அதோடு யூதர்கள் செபம் செய்யும்போது போர்க்கிற சால்வைகளைத் திருத்துவோம், அவற்றை வைக்கிற வெல்வெற்றுப் பைகளுக்குப் பூவேலை செய்வோம். அந்தச் சால்வையின் நாலு மூலையிலும் நூல் முடிச்சுகள் தொங்கும். அது அவர்களுக்குப் புனிதமானது, கடையில் அதை என்னிடம் தருவதில்லை, மிஸ்யூ ஹனானியா என்ற வயதான ஆள் யன்னலோரம் இருந்து கட்டுவார். எத்தனை சுற்று, எங்கே இரட்டை முடிச்சு என்று நான் எதிர் மெஷினில் இருந்து பார்த்தே பழகினேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. போன வருடம் தை மாதம் மதாமின் செபக்கூடத்துக் கதவில் யாரோ சிவப்புப் பெயின்றால் ஹிட்லரின் சின்னத்தைக் கீறி, இரண்டு யன்னலையும் கல்லால் உடைத்தார்கள். அம்மா சொல்கிற ஒரு கண்ணாடி அதுதான். உடைத்த கல் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பு நடக்கிற அறைக்குள் கிடந்தது. அதன் பிறகு அவர்கள் கதவுக்கு ஒரு காவலாளியை வைத்தார்கள், கமெரா பூட்டினார்கள், அவனோடு கூட நிற்க ஆட்கள் முறை வைத்து வந்தார்கள். மதாமுக்கும் முறை உண்டு. கதவில் நின்று என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பொன்ஷூர் என்று வணக்கம் சொல்வேன், சொல்லிக்கொண்டே வருபவரின் கைகளைப் பார்ப்பேன் என்றாள். அறுபத்தைந்து வயது, சர்க்கரை வியாதி, கம்பளிச் சப்பாத்துக்குள் இரண்டு சோடிக் காலுறை.

அதே மாதத்தில்தான் நீ டெலிபோனில் சொன்னாய், உடுப்பு உண்மையான யூதருடைய உடுப்பு மாதிரி இருக்க வேணும், சும்மா படுக்கை விரிப்பைச் சுற்றிவிடாதை என்று. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு வேலை அது. மதாமிடம் நாடகத்துக்கு என்று கேட்டேன், என்ன நாடகம் என்றாள், கோயில் நாடகம் என்றேன், வெட்டி மிஞ்சின ஊதா வெல்வெற்றுத் துண்டு எல்லாவற்றையும் தந்தாள். அதில் குருமாருக்கு அங்கி. வெள்ளைத் துணியில் கறுப்புக் கோடு வைத்துச் சால்வை. அப்பாவின் சால்வைக்கு நாலு மூலையிலும் மிஸ்யூ ஹனானியா கட்டுகிற மாதிரியே, ஒரு சுற்றும் பிழைக்காமல், நான் முடிச்சுக் கட்டினேன். அது செபத்துக்கு உரியது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், வேலை அச்சொட்டாக வந்துவிட்டதே என்ற பெருமையில் அதை யோசிக்கவில்லை.

மதாம் ஏன் வந்தாள் என்று அம்மாவுக்குத் தெரியாது. கதவில் சின்னம் கீறின அந்தக் குளிர்காலத்தில் வேறு எந்தக் கோயிலிலிருந்தும் அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. தலைமயிர் செற் பண்ணி, மணிமாலை போட்டு, ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு வந்தாள். கிறகரி மாமா மைக்கில் எங்கள் யூதப் பெருமாட்டி என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினபோது எழும்பி நின்று சபைக்குக் கும்பிட்டாள், நான்தான் கும்பிடப் பழக்கினேன். பிறகு திரை விலகியது. அப்பா அந்தப் பச்சை மூக்குக்குத் தோல் நிறம் பூசி மாட்டிக்கொண்டு, என் சால்வையைப் போர்த்து, கூனிக்கொண்டு, வெள்ளிக் காசை ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து மணந்து மணந்து, காட்டிக்கொடுக்கிற யூதாசின் கையில் போட்டார். பின்னால் ஏழு பேர் அதே மூக்கோடு சிரித்தார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அதற்குத் தமிழ் எதற்கு? நீ எழுதின பணப்பேய் பிடித்த கூட்டம் என்ற பாட்டுக்கு முன்வரிசைப் பிள்ளைகள் வழமைபோல அப்பாவை நோக்கிச் சிப்ஸ் எறிந்து கூ அடித்தன. மதாம் தலையை முன்னுக்கு நீட்டி, அப்பாவின் முகத்தை அல்ல, சால்வையின் மூலையைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு எழும்பினாள். அந்தா யூதர் போகினம், பிடியுங்கோ பிடியுங்கோ என்று பிள்ளைகள் கத்த, சனம் கொல்லென்று சிரித்தது. நான் மேடைக்குப் பக்கத்தில் திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் சிரித்தேன் அண்ணா, எல்லோரும் சிரித்ததால். வீட்டுக்குப் போகும்போது காருக்குள் நீ ஸ்ரியரிங்கில் தட்டித் தட்டிச் சொன்னாய், அவைக்கு நல்லா உறைச்சுப்போச்சு என்று. அப்பா மட்டும் முகத்தில் மிஞ்சின பூச்சைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நீயா கட்டினாய் என்று மதாம் கேட்டாள். ஓம் என்றேன். மிஸ்யூ ஹனானியா தன் கதிரையை எனக்கு முதுகு காட்டுகிற மாதிரித் திருப்பிப் போட்டார், இன்றுவரை அப்படியே இருக்கிறது. மதாம் நூல்பெட்டியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டு, இனி உனக்குத் திரைச்சீலை மட்டும் என்றாள். வேலையால் நிறுத்தவில்லை. பத்து மாதமாக அவள் எனக்கும் பொன்ஷூர் சொல்கிறாள், சொல்லும்போது என் கைகளைப் பார்க்கிறாள். வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை.

அவர்களுடைய முதற் கடிதம் பிரெஞ்சில் வந்தபடியால் கிறகரி மாமா என்னைத்தான் சங்கத்துக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பன்னிரண்டு ஆம்பிளைகள் சுற்றி இருந்தார்கள். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான், உங்கள் நாடகத்தைத் தடுக்க நாங்கள் கேட்கவில்லை, எங்கள் கதவுக்கு என்ன நடந்தது என்று வந்து பாருங்கள், உங்கள் எழுத்தைச் சேர்ந்து இருந்து வாசிப்போம், கோப்பி தருவோம். முதல் வரிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. வெருட்டினமோ பிள்ளை என்று மாமா கேட்டார். இல்லை என்று சொன்னேன், என் காதுக்கே கேட்கவில்லை. பார்த்தியளே, பிள்ளை சொல்லவே பயப்படுது, அப்ப வெருட்டத்தான் செய்திருக்கினம் என்று மாமா தீர்மானித்துவிட்டார். அவர்கள் எங்களைத் தடுக்கப் பார்க்கிறார்கள் என்று அம்மா மேலே எழுதச் சொன்ன கதை இப்படித்தான் பிறந்தது. உரக்க ஒரு இல்லை சொல்ல முடியாமல் போன என்னுடைய குற்றம் அது. பாதர் மட்டும் ஒரு ஞாயிறு, யூத சனத்தின் மேல் பழி போடக்கூடாது என்று திருச்சபையே நாற்பது வருடத்துக்கு முன் சொல்லிவிட்டது என்று ஆரம்பித்தார், மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாச்சு பாதர் என்றார்கள், அவரும் விட்டுவிட்டார்.

இரண்டாவது கடிதத்திலும் அதே அழைப்புத்தான், அதற்கு நான் தனியே செபக்கூடத்துக்குப் போனேன், மூன்று கிழமைக்கு முன், அம்மாவிடம் மெற்றோவில் சினேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு. கதவில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே என் தையற் கத்தரிக்கோல், பன்னிரண்டு அங்குலம். அவன் அதைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று உரக்கக் கேட்டான், வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு தாய் பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் விட்டாள். எனக்குப் பிரெஞ்சும் வரவில்லை தமிழும் வரவில்லை. அன்றைக்கு முறை மதாமுடையது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, அவள் என்னுடைய தையற்காரி, விடு என்றாள். பிறகு அவனிடம், கத்தரிக்கோலை நீ வைத்திரு, போகும்போது கொடு என்றாள். உள்ளே ஒரு விசேஷமும் இல்லை, எங்கள் மண்டபம் மாதிரியே மடக்குக் கதிரை, கோப்பிக் கலன், சுவரில் பிள்ளைகள் கீறிய படம். கதவில் அந்தச் சின்னத்தைச் சுரண்டின இடம் மட்டும் மரம் வெளிறிக் கிடக்கிறது. வட்டமாக ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒரு பெண் நேரே கேட்டாள், அந்த நாடகத்தில் உன் வீட்டார் யாராவது நடித்தார்களா என்று. அப்பா கைப்பாஸ் என்றேன். அவர் நன்றாக நடித்தார், அதுதான் பிரச்சினை என்றாள் மதாம். ஒருவரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும், அது வேதத்திலை இருக்கு, நான் எழுதேல்லை. அண்ணா, நான் பார்த்தேன். நாலு சுவிசேஷத்தையும் பஸ்ஸில் இருந்து வாசித்தேன். மூக்கு எங்கும் இல்லை. காசை மணக்கிறது இல்லை. பணப்பேய் இல்லை. அதெல்லாம் நீ. செப்ரெம்பர் பதினொன்றுக்குப் பிறகு ஹூஸ்டனில் பெற்றோல் செற்றில் உன்னைப் பயங்கரவாதி என்று கத்தி முகத்தில் சோடாவை ஊற்றினவனை நினைத்துப் பார். நாலு நாள் நீ அறையை விட்டு வெளியே வரவில்லை. கழுத்திலை குருசு போட்டிருந்தனான், எடுத்துக் காட்டினனான், அவன் பார்க்கவே இல்லை என்று அம்மாவிடம் அழுதாய், நான் மற்ற றிசீவரில் கேட்டுக்கொண்டு இருந்தேன். அவனுக்கு உன்னைத் தெரியாது, யாரோ காட்டின ஒரு முகம்தான் தெரியும். எங்கள் மண்டபத்தில் முந்நூறு பேருக்கு, அதில் பாதி பிள்ளைகளுக்கு, ஒரு முகத்தைக் காட்டினது நீ. அதற்கு உடுப்புத் தைத்தது நான்.

இப்போது கேள். ஊதா அங்கிகளையும் சால்வைகளையும் நேற்றுப் பிரித்துவிட்டேன். முடிச்சுகளை அவிழ்த்தேன், வெட்டவில்லை, அவிழ்க்க நாலு மணித்தியாலம் எடுத்தது. வெல்வெற்றை மதாமிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கி அலுமாரியில் வைத்தாள், அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை. இந்த முறை எல்லோருக்கும் ஒரே மண்ணிறப் பருத்தியில் தைப்பேன், கைப்பாசுக்கும் பேதுருவுக்கும் யூதாசுக்கும் யேசுவாக நடிக்கிற ஜோன்சனுக்கும், ஒரே வெட்டு, ஒரே தையல். அவர்கள் எல்லோரும் ஒரே ஊர்ச் சனம். பணப்பேய்ப் பாட்டை நீ எடுக்காவிட்டால் அதுவும் தைக்க மாட்டேன், முப்பத்துநாலு உடுப்புச் சும்மா தைத்துத் தர வேறு ஆளைத் தேடு, கிடைக்காவிட்டால் கிறகரி மாமா தன் காற்சட்டையோடு பிலாத்துவாக வரட்டும். உன்னுடைய எட்டு மூக்கும் இந்தப் பார்சலில் மிளகாய்த்தூளுக்குக் கீழே இருக்கின்றன. மூக்கு வேண்டும் என்றால் எல்லோருக்கும் வை. யேசுவுக்கு வை. மாதாவாக நடிக்கிற நிரஞ்சனிக்கும் வை, அவவும் யூதப் பெண்தான்.

இதை ஒளித்து அனுப்ப மனம் வரவில்லை. அம்மா திரும்பி வந்தவுடன் குசினி மேசையில் இருத்தி முழுவதையும் உரக்க வாசித்தேன், அப்பாவும் வேலையால் வந்து கதவடியில் சப்பாத்துக் கழற்றாமல் நின்று கேட்டார். பொய் சொல்லிவிட்டோ போனனீ என்று அம்மா முதலில் அதற்குத்தான் கத்தினா. பிறகு கிழி என்றா. மாட்டேன் என்றேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அப்பா மெல்ல, அந்த மூக்கைப் போட்டுக்கொண்டு அந்த மனிசியின்ரை முகத்தைப் பார்த்தனான், வசனம் மறந்துபோச்சு, ஒருத்தரும் கவனிக்கேல்லை என்றார். நீங்கள் சும்மா இருங்கோ என்று அம்மா அவருக்கும் ஏசினா. பிறகு மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு, அனுப்பிறதெண்டால் அனுப்பு, ஆனால் மாதாவுக்கு மூக்கு எண்ட அந்த வசனத்தை மட்டும் வெட்டிப்போட்டு அனுப்பு, கேட்கவே நெஞ்சு பதறுது என்றா. எனக்கும் எழுதும்போது பதறியது அம்மா என்றேன். அண்ணா தன்னுடைய பாட்டை வெட்டட்டும், நானும் வெட்டுகிறேன் என்றேன். அம்மா கிழிக்கவில்லை.

அந்த வசனம் மேலே அப்படியே இருக்கிறது அண்ணா. தபசுகாலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு அடுத்த சனிக்கிழமை துணி வெட்டத் தொடங்குவேன், அதற்கு முன் உன் பதில் வர வேண்டும். இங்கே இன்னும் பனி, மொத்தமான சப்பாத்துக் கொண்டு வா. மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
தங்கச்சி றொஷினி